காணிப்பாக்கத்து வீட்டை நாமே விற்கலாம்

வாசல் கேட்டில் ஒரு தகரப் பலகை கட்டினோம். மேலே தெலுங்கில் 'இல்லு அம்மபடுனு', கீழே தமிழில் 'வீடு விற்பனைக்கு', அதற்கும் கீழே தம்பியின் செல் நம்பர். மறுநாள் காலை ஆறரை மணிக்கே போன் அடித்தது. "மீரு ஓனரேனா அண்ணா?" என்றது ஒரு குரல். ஆமாம் என்றதும் தமிழுக்கு மாறி, "பார்ட்டி ரெடியா இருக்கு. ரெண்டு பர்சன்ட் கொடுங்க, ஒரே வாரத்துல முடிச்சுடலாம்" என்றது. அன்று பொழுது சாய்வதற்குள் வந்த ஏழு அழைப்புகளில் ஐந்து புரோக்கர்களுடையவை. மீதி இரண்டில் ஒருவர்தான், நாலு மாதம் கழித்து, அந்த வீட்டை வாங்கினார்.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, சித்தூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் அப்பா வீட்டை என்ன செய்வது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நமக்கு நேரம் இல்லை என்பதால்தான் புரோக்கரிடம் போகிறோம். எங்களுக்கு ஆன லீவு மொத்தம் ஆறு நாள்: காகிதம் தேட இரண்டு, உறவினர்களைப் பார்க்க ஒன்று, அக்ரிமென்டுக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று, பெயர் மாற்றத்துக்கு ஒன்று. வீடு காட்டுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. வீட்டை நாற்பது லட்சம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு சதவீதக் கமிஷன் எண்பதாயிரம் ரூபாய். வாங்குபவரும் அதே அளவு கொடுத்தால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகிறது. அந்தப் பணத்தைப் பேரத்தில் இரு பக்கமும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

புரோக்கர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்லவர்கள் உண்டு, உழைப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் விற்கும் சரக்கு என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆள் பிடிப்பது இன்றைக்குப் பெரிய வேலையே இல்லை. வாங்குபவரின் பயத்தைப் போக்குவதுதான் வேலை. 'பத்திரம் கிளீன் சார், நான் பார்த்துட்டேன்' என்ற ஒரு வாக்கியத்துக்குத்தான் அந்தக் கமிஷன். 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஏஜென்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. அது புதிய மனைப்பிரிவுகள், அடுக்குமாடிகள் போன்ற பதிவான திட்டங்களை விற்பவர்களுக்கு. பழைய வீட்டைக் கைமாற்றிவிடும் ஊர்ப் புரோக்கரை அது தொடுவதில்லை. அவர் சொன்ன வாக்கியம் பொய்யாகிவிட்டால் கோர்ட்டில் நிற்பது நீங்கள்தான். அந்த வாக்கியத்தை உண்மையாக்கும் வேலையை நீங்களே செய்துவிட்டால் அவருக்கு அங்கே இடமில்லை.

முதலில் பெட்டியைத் திறங்கள்

விலை பேசுவதற்கு முன், பலகை கட்டுவதற்கு முன், பீரோவில் இருக்கும் பெட்டியைத் திறக்க வேண்டும். எங்கள் பெட்டியில் கிடைத்த தாய்ப்பத்திரம் 1946 ஆம் வருடத்தது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள், மடிப்புகளில் கிழிந்து, மை பழுப்பேறி, முழுக்க முழுக்கத் தமிழில். சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. அதற்கு முந்தைய பத்திரங்கள் தமிழில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆனால் வாங்குபவர் வங்கிக் கடன் எடுப்பவராக இருந்தால் வங்கியின் வக்கீலுக்குத் தமிழ் தெரியாமல் போகலாம். தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பு ஒன்றை முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள். கிழிந்திருக்கிறதே என்று லேமினேட் செய்துவிடாதீர்கள். மூலப் பத்திரத்தின் தாளையும் முத்திரையையும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் சோதிப்பார்கள்.

அடுத்து ஈசி, அதாவது வில்லங்கச் சான்று. 1998 இல் 'கார்டு' என்ற திட்டத்தின் மூலம் பத்திரப் பதிவைக் கணினிக்குக் கொண்டுபோன மாநிலம் ஆந்திரம். 1983 க்குப் பிந்தைய பதிவுகளுக்கு ஈசி இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைத் தேடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். பதிவான விஷயங்களை மட்டும்தான் ஈசி காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பதியாத உயில், நடக்கும் வழக்கு, வாய்வார்த்தைப் பாகம் எதுவும் அதில் வராது.

காணிப்பாக்கம் போன்ற கோயில் ஊரில் மூன்றாவதாக ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு. அரசு நிலம், ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலம், கோயில் அறநிலையத்துக்குச் சொந்தமான நிலம் ஆகியவற்றின் சர்வே எண்களை ஒரு தடைப்பட்டியலில் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் எண் இருந்தால் பதிவே நடக்காது. பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், பைசா செலவில்லை. தவறுதலாகச் சேர்ந்திருந்தால் கலெக்டருக்கு மனு போட்டு நீக்க வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகும் என்பதால் அட்வான்ஸ் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேதனை. ஊருக்குள் இருக்கும் பழைய வீடுகள் பல 'கிராமகண்டம்' என்ற குடியிருப்பு நிலத்தில் நிற்பவை. தலைமுறையாக வாழ்ந்தும் கையில் பத்திரம் இருக்காது. அப்படியானால் வீட்டு வரி ரசீது, மின்கட்டண ரசீது, பாகப்பிரிவினை எது இருக்கிறதோ எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு வக்கீலிடம் போங்கள். புரோக்கர் வேண்டாம் என்பதும் வக்கீல் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. லீகல் ஒப்பீனியனுக்குக் கொடுக்கும் பணத்தில் கை சுருங்கவே கூடாது.

அத்தையின் கையெழுத்து

எங்களை உண்மையில் உலுக்கியது இனிமேல் சொல்லப்போவதுதான். அந்த மனை தாத்தா வாங்கியது. வீடு அப்பா கட்டியது. இருவருமே உயில் எழுதவில்லை. போன் செய்த புரோக்கர்களில் ஒருவர், "ஆம்பளப் பசங்க ரெண்டு பேர் கையெழுத்தும் அம்மா கையெழுத்தும் போதும் சார், பொண்ணுங்களுக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்றார். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வக்கீல் தலையை ஆட்டினார். தாத்தா இறந்தது 1971 இல். 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, சொந்தமாகச் சம்பாதித்தவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பாட்டியும் உயிலின்றிப் போய்விட்டதால் அவர் பங்கும் இரண்டாகப் பிரிந்தது. ஆக, மனையில் பாதி திருத்தணியில் இருக்கும் அத்தைக்கு. மீதிப் பாதியில் அம்மாவோடும் எங்களோடும் வேலூர் அக்காவுக்கும் பங்கு. தம்பிக்கு வாய் அடைத்துப் போனது.

பூர்வீகச் சொத்து விஷயத்தில் ஆந்திரம் நமக்கெல்லாம் முன்னோடி. திருமணமாகாத மகள்களுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே பங்கு என்று 1985 செப்டம்பர் 5 முதல் அங்கே திருத்தம் வந்தது. தமிழ்நாட்டில் அது 1989 இல், நாடு முழுமைக்கும் 2005 இல். 2005 இல் தகப்பனார் உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை என்று 2020 இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சீர் செய்தோம், நகை போட்டோம் என்பதெல்லாம் பங்கைக் கழிக்காது. பெண்களை விட்டுவிட்டு விற்ற வீடு எப்போது வேண்டுமானாலும் கோர்ட் படி ஏறலாம். அது சட்டம் சொல்வது. என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: அது அவர்களுடைய பணம்.

திருத்தணிக்குப் போனோம். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. காகிதத்தைக் கையில் வாங்காமலே, "என் கையெழுத்துக்கு இப்பத்தான் வேலை வந்துச்சாடா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கணக்கை ஒரு நோட்டில் எழுதி அவர் முன் வைத்தோம்: மனை மதிப்பு இவ்வளவு, கட்டட மதிப்பு இவ்வளவு, உங்கள் பங்கு இவ்வளவு. மகனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு காப்பி போடச் சொன்னார். பதிவு நாளில் விற்பவர்களில் முதல் பெயராக அவர் பெயரைப் போட்டோம்.

ஆகவே உங்கள் குடும்ப மரத்தை ஒரு தாளில் வரையுங்கள். ஆந்திரத்தில் தாசில்தார் தரும் குடும்ப உறுப்பினர் சான்றை வாங்குங்கள். நேரில் வர முடியாதவர் தன் ஊர்ச் சார்பதிவாளர் முன் பவர் எழுதிப் பதிந்து அனுப்பலாம். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். விற்பதற்குப் பதிலாகவே பவர் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அப்படிச் சொத்து கைமாறாது என்று 2011 இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வீட்டின் மேல் பழைய கடன் இருந்து அடைத்துவிட்டீர்களா? முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது ரிசர்வ் வங்கி விதி.

அங்கணம், கஜம், சென்ட்

விலை பேசும்போது முதலில் அளவில் குழம்புவீர்கள். வேலூர்க்காரர் சதுர அடியில் கேட்பார். ஊர்க்காரர் சென்ட் கணக்கில் பேசுவார். திருப்பதிப் பக்கத்து ஆள் 'அங்கணம் எவ்வளவு?' என்பார். பத்திரத்தில் சதுர கஜம் என்று இருக்கும். எங்கள் மனை ஐந்து சென்ட். அது 2,178 சதுர அடி, 242 சதுர கஜம், அறுபதரை அங்கணம். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஒரு அங்கணம் 36 சதுர அடி. நெல்லூர்க்காரர் அங்கணம் என்றால் அது 72 சதுர அடி, ஆகவே எந்த ஊர் அங்கணம் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். இந்த நாலு கணக்கையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். போனில் எவர் எந்த அளவில் கேட்டாலும் உடனே பதில் சொல்லும்போது எதிரில் இருப்பவருக்கு ஒரு நம்பிக்கை வருவதைக் குரலிலேயே உணரலாம். (தலபுராணம் இந்த ஊர்ப் பெயருக்கு ஈர நிலத்தில் பாய்ந்த நீர் என்று பொருள் சொல்கிறது. தமிழ்க் காதுக்கோ காணி என்றாலே நிலமும் நில உரிமையும்தான். பழைய சென்னைக் கணக்கில் ஒரு காணி 1.32 ஏக்கர்.)

அரசின் மார்க்கெட் மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள். அது அடித்தட்டு. சந்தை விலை தெரிய வேண்டுமானால், அதே தெருவில் சமீபத்தில் வாங்கியவரிடம் கேளுங்கள். விற்றவரைவிட வாங்கியவர்தான் சரியாகச் சொல்வார். 'ரோடு வருது, விலை ஏறும்' என்று சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலையைக் காட்டிப் பேசுபவர்கள் உண்டு. உங்கள் வீட்டுக்கும் அந்தச் சாலைக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

யார் வாங்குவார்கள்

இந்த ஊருக்குத் தனிக் கூட்டம் உண்டு. கோயிலைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்கள், கோயில் வேலையில் இருப்பவர்கள், லாட்ஜ் கட்ட இடம் தேடுபவர்கள், வருடத்துக்கு நாலு தடவை பிள்ளையாரைப் பார்க்க வரும் வேலூர், பெங்களூரு குடும்பங்கள். நகரத்து இணையதள விளம்பரம் இவர்களில் கடைசி வகையினரைத்தான் சேரும். மற்றவர்களுக்குப் பலகையும், டீக்கடையும், ஊர் வாட்ஸ்அப் குழுவும்தான். எட்டு போட்டோ போதும்: பகலில் எடுத்தது, தெருவும் தெரிய வேண்டும். 'நேரடி உரிமையாளர், பத்திரங்கள் தயார்' என்று ஒரு வரி. அந்த இரண்டாவது பாதிதான் ஆளை இழுத்தது.

காலமும் முக்கியம். விநாயகர் சதுர்த்தியில் தொடங்கும் பிரம்மோற்சவ நாட்களில் ஊரே திருவிழாவாக இருக்கும். பலகையை நிறையப் பேர் பார்ப்பார்கள், ஆனால் உட்கார்ந்து பேச ஆள் கிடைக்காது. ஆடி, மார்கழி, 'மூடம்' என்று பஞ்சாங்கம் சொல்லும் நாட்களில் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். அந்த மாதங்களைக் காகித வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு காட்டும்போது குறையை நீங்களே சொல்லிவிடுங்கள். வெளியே தெரியாத பெரிய குறையை விற்பவர் மறைக்கக் கூடாது என்று 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. காணிப்பாக்கத்தில் சட்டத்துக்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. வரசித்தி விநாயகர் முன் நீராடிவிட்டு நின்று சத்தியப் பிரமாணம் செய்வது இங்கே பழைய வழக்கம். கடன் தகராறு, திருட்டுப் பழி, வேலித் தகராறு எல்லாம் அங்கே போய் முடிந்த கதைகளை ஊரில் யாரும் சொல்வார்கள். எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அம்மா ஒருவர் சமையலறைச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "2021 மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்துதா? பிள்ளையார் மேல சத்தியமா சொல்லுங்க" என்றார். அந்த நவம்பரில் சித்தூர், திருப்பதிப் பக்கமெல்லாம் வெள்ளம். இரண்டாவது படி வரை வந்தது, உள்ளே வரவில்லை, ஆனால் பின்பக்கத் தாழ்வாரம் ஒழுகும் என்றேன். தாழ்வாரம் ஒழுகுவதைச் சொன்னதால் படிக்கட்டுக் கதையையும் நம்பினார். தாழ்வாரத்துக்காக நாற்பதாயிரம் குறைத்துக் கேட்டார், கொடுத்தோம். வீடு அவருக்குத்தான் போனது.

அட்வான்ஸ் முதல் சாவி வரை

விலை முடிந்ததும் வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். ஆந்திரத்தில் விற்பனை அக்ரிமென்டையும் பதிவு செய்ய வேண்டும் என்று மாநிலத் திருத்தமே இருக்கிறது. வாங்குபவர் வங்கிக் கடனை நம்பியிருந்தால் மூன்று மாத அவகாசம் கொடுங்கள். கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதை அதிலேயே எழுதிவிடுங்கள். சண்டை வரும் இடம் அதுதான்.

ரொக்கம் வேண்டாம். வீடு விற்கும் கணக்கில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை முழுவதுமே அபராதமாகப் போகக்கூடும். 'பாதி வெள்ளை, பாதி கருப்பு' என்று கேட்பவரிடம் சிரித்தபடி முடியாது என்று சொல்லுங்கள். பத்திரத்தில் காட்டிய விலை அரசு மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், வருமான வரித்துறை அரசு மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்ளும்.

பதிவுச் செலவு வாங்குபவருடையது: முத்திரைத் தீர்வை 5, மாற்றுத் தீர்வை 1.5, பதிவுக் கட்டணம் 1, ஆக ஏழரை சதவீதம். நாற்பது லட்சத்துக்கு மூன்று லட்சம். ஸ்லாட் போட்டுவிட்டு, ஆதார், பான், இரண்டு சாட்சிகளோடு போனால் அரை நாளில் முடிகிறது. ஆனால் முந்தின நாளே பத்திர நகலை வாங்கி, தெலுங்கு வாசிக்கத் தெரிந்த நம் ஆளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் நகலில் செக்குபந்தி என்ற நான்கெல்லைப் பகுதியில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருந்தன. தம்பியின் மனைவி, மதனப்பள்ளிப் பெண், படித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்தி, "தெரு எந்தப் பக்கம்?" என்றாள். அங்கே கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் பிறகு திருத்தல் பத்திரத்துக்கு அத்தையை மறுபடியும் திருத்தணியிலிருந்து அழைத்து வந்திருக்க வேண்டும். பணம் வங்கிக் கணக்கில் வந்ததையோ டிடி கையில் இருப்பதையோ பார்த்த பிறகு கையெழுத்து, கையெழுத்துக்குப் பிறகு சாவி.

சம்பளக்காரர் கவனிக்க வேண்டியது

அரசு ஊழியர்கள் விற்பதற்கு முன்பே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மத்திய அரசு நடத்தை விதிகள் அசையாச் சொத்தை விற்பதற்கு உரிய அதிகாரிக்கு முன்தகவல் கேட்கின்றன, மாநில ஊழியர்களுக்கும் தனி விதி உண்டு. அலுவலகத் தொடர்பு உள்ளவருக்கே விற்பதானால் முன் அனுமதியே தேவை. விற்ற பின் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் மெமோ வரும்.

தனியார் கம்பெனி ஊழியர் செய்யும் தவறு, ஃபாரம் 16 வந்தால் வரி முடிந்தது என்று நினைப்பது. வீடு விற்ற லாபம் அதில் வராது. முன்வரி கட்ட வேண்டும், அந்த வருடம் ஐடிஆர்-2 போட வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் கையில் இருந்த வீட்டுக்கு நீண்டகால லாப வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 க்கு முன் வந்த சொத்தானால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பழைய முறையில் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். தாத்தா காலத்துச் சொத்துக்கு வாங்கிய விலையைத் தேட வேண்டியதில்லை, 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடிப்படையாக எடுக்கலாம். அந்தத் தேதிக்கான அரசு மதிப்பைத் தாண்டக் கூடாது. லாபத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. ஆறு மாதத்துக்குள் அரசு அறிவித்த பத்திரங்களில் 50 லட்சம் வரை போடுவதும் ஒரு வழி. பல பேர் சேர்ந்து விற்றால் அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கு. மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்துக் கட்டுவார், விற்பவர்கள் எத்தனை பேர் என்றாலும் மொத்தத்தைத்தான் பார்ப்பார்கள். அத்தை தன் வாழ்நாளில் முதல் தடவையாக வருமான வரிப் படிவம் போட்டார், அதற்கு ஆடிட்டர் கட்டணத்தை நாங்கள் கொடுத்தோம்.

பதிவுக்கு மறுநாள் ஆறாவது லீவு. கிராமச் சச்சிவாலயத்தில் வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்கு மனு, மின்வாரியத்தில் மீட்டர் பெயர் மாற்றத்துக்கு மனு, இரண்டிலும் கையெழுத்திட்டுப் பழைய பாக்கி ஏதும் இல்லை என்ற ரசீதைப் போட்டோ எடுத்துக்கொண்டோம். பிறகு கேட்டுக்குப் போய்ப் பலகையை அவிழ்த்தேன். கம்பி துருப்பிடித்து விரலில் ஒட்டியது. வாங்கிய அம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, அந்தப் பலகையைத் தன் அண்ணனுக்குக் கேட்டார். அவருக்கும் ஐராலாவில் ஒரு வீடு விற்க இருக்கிறதாம். தம்பியின் நம்பர் மேல் சுண்ணாம்பு பூசிக் கொடுத்துவிட்டு வந்தேன்.